அத்தியாயம் 6: குழி மூடிய பிறகு

கிருஷ்ணா ஆற்றின் தென்கரையில் உள்ள அமராவதியில் தீபாலதின்னெ என்று ஊரார் அழைத்த மண்மேடு ஒன்று இருந்தது. 1816-இல் காலின் மெக்கன்சி படம் வரைவோர் குழுவோடு அங்கே வந்து இறங்கினார். அதற்கு முன்பே உள்ளூர் ஜமீன்தார் கட்டட வேலைக்காக மேட்டை வெட்டி, கைக்கு அகப்பட்ட கற்களை எடுத்துப் போயிருந்தார். மிச்சமிருந்ததை மெக்கன்சியின் ஆட்கள் பொறுமையாக வரைந்தார்கள். எந்தக் கல் எங்கே நின்றது, எந்தப் பலகையில் என்ன சிற்பம் என்று தாள் தாளாகப் பதிந்தார்கள். 1880-இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன், மேடு முழுவதையும் தோண்டி வெளியே எடுக்கச் சொன்னார். கற்கள் வெளியே வந்தன. எது எங்கே கிடந்தது என்று முறையாக யாரும் குறிக்கவில்லை. அடுத்த ஆண்டின் கடைசியில் தொல்லியலாளர் ஜேம்ஸ் பர்ஜஸ் வந்து பார்த்தபோது அங்கே மிஞ்சியிருந்தது பெரிய பள்ளம்.

எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் இன்று நிற்கிற அமராவதிச் சிற்பங்களைக் கொண்டு அந்தப் பெருந்தூபி எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முயலும் ஆய்வாளர், கடைசியில் மெக்கன்சியின் தாள்களிடம்தான் போகிறார். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் வரையப்பட்ட கற்களில் பல இப்போது இல்லை. 1816-இல் பென்சிலோடு வந்தவர்கள் விட்டுச் சென்றது, 1880-இல் மண்வெட்டியோடு வந்தவர்கள் விட்டுச் சென்றதைவிட அதிகம்.

தோண்டிய மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது. ஒரு குழியை ஒருமுறைதான் அகழ முடியும். அகழ்ந்து முடித்து மூடிய பிறகு அந்தக் குழி இருப்பது தாளில் மட்டும்தான். ஆகவே இந்த அத்தியாயம் தாள்களைப் பற்றியது: எதை எழுதுவது, எதில் எழுதுவது, எங்கே வைப்பது, யாரிடம் ஒப்படைப்பது. கடைசிக் கேள்வியே முதன்மையானது. பதிவேடு அகழ்ந்தவரின் சொந்தச் சொத்து என்ற எண்ணம்தான் கறையானைவிட அதிகமான பதிவேடுகளைத் தின்றிருக்கிறது. மண்வெட்டி நிலத்தில் விழுவதற்கு முன்பே, அந்தப் பதிவேடு எந்த நாளில் யார் கைக்குப் போகும் என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

பதிவேடு என்றால் என்ன?

பலர் நினைப்பது அச்சிட்ட அறிக்கையை. அது கடைசியில் வருவது, வராமலும் போகலாம். அதற்கு முன்னால் வருபவைதான் மூலம். குழிப் பொறுப்பாளரின் நாட்குறிப்பேடு, தொல்பொருள் பதிவேடு, பானை ஓட்டுக் கணக்கு, குழிச் சுவர்களின் மண்ணடுக்கு வரைபடம், தள வரைபடம், புகைப்படங்களும் அவற்றுக்கான பட்டியலும், மட்டம் எடுத்த கணக்குப் புத்தகம், கரிமப் பகுப்பாய்வுக்கு மாதிரி அனுப்பிய கடிதமும் ஆய்வகத்தின் பதிலும் இதில் அடங்கும். அன்றாடக் கூலிப் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்த நாளில் எத்தனை பேர் எந்தக் குழியில் இருந்தார்கள் என்பது, அங்கே வேலை நிதானமாக நடந்ததா அவசரமாக நடந்ததா என்று பின்னால் வருபவருக்குச் சொல்லிவிடும்.

இவற்றில் உயிர்நாடி நாட்குறிப்பேடு. அது எப்படி எழுதப்படுகிறது, எப்படி எழுதப்பட வேண்டும் என்று இரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் மாதிரி: "இன்று 12 செ.மீ. தோண்டப்பட்டது. கறுப்பு சிவப்பு ஓடுகள் நிறையக் கிடைத்தன. அழகான மணி ஒன்று கிடைத்தது. மாலையில் மழை."

இரண்டாவது மாதிரி: "குழி அ2, வடகிழக்குக் கால்பகுதி. காலையில் ஆழம் 140 செ.மீ., மாலையில் 152. ஆழம் 146-இல் மண் மாறியது. மேலே கெட்டியான செம்மண். கீழே தளர்ந்த சாம்பல் மண், கரித்துண்டு கலந்தது. மாற்றம் கிழக்குப் பக்கம் தெளிவு, மேற்கில் தெளிவில்லை. எலிவளை ஒன்று குறுக்கே ஓடுகிறது. சூதுபவள மணி 1: ஆழம் 149, வடக்குச் சுவரிலிருந்து 85, கிழக்குச் சுவரிலிருந்து 120, எலிவளையிலிருந்து 20 தள்ளி. படம் 31 முதல் 34 வரை. சாம்பல் மண்ணின் மேல்மட்டம் பழைய தரையாக இருக்கலாம். உறுதியில்லை."

இரண்டாவதை எழுதக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் அந்த எலிவளை ஒன்று போதும். மணி உண்மையிலேயே சாம்பல் அடுக்குக்கு உரியதா, எலி மேலிருந்து உருட்டிக்கொண்டு வந்ததா என்று ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு விடை தேட ஒரு வழி இருக்கிறது. "அழகான மணி" என்று எழுதியவரிடம் அந்த வழி இல்லை. "உறுதியில்லை" என்ற சொல்லை எழுதத் தயங்கவே கூடாது. குழிக்குள் நின்றபோது இருந்த சந்தேகம், அலுவலகத்தில் அறிக்கை எழுதும்போது எப்படியோ காணாமல் போய்விடும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் கிரீட் தீவின் நாசஸ். ஆர்தர் எவன்ஸ் 1900-இல் அங்கே அகழத் தொடங்கினார். களத்தில் அன்றாடம் நின்று குறிப்பெழுதியவர் அவருடைய உதவியாளர் டங்கன் மெக்கன்சி. (முன்னே வந்த மெக்கன்சிக்கும் இவருக்கும் தொடர்பில்லை.) எவன்ஸ் பெரிய பெரிய தொகுதிகளாக நூல் எழுதினார், உலகம் அதைப் படித்தது. குறிப்பேடுகள் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1960-இல் மொழியியல் பேராசிரியர் லெனார்டு பாமர் அவற்றைத் திறந்து பார்த்தார். எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் எந்த அடுக்கில், எந்தப் பானைகளோடு கிடந்தன என்பதில் உதவியாளரின் குறிப்பும் தலைவரின் நூலும் ஒத்துப்போகவில்லை என்றார் அவர். இல்லை, எவன்ஸ் சொன்னதுதான் சரி என்று வாதாடியவர் ஜான் போர்டுமன். 1963-இல் இருவர் வாதமும் ஒரே நூலாக வெளிவந்தது. யார் வென்றார் என்பது இங்கே முக்கியமில்லை. இரு தரப்பும் சாட்சிக்கு அழைத்தது அதே குறிப்பேடுகளைத்தான். மெக்கன்சி தம் தலைவருக்கு ஏற்ற மாதிரி எழுதியிருந்தால் இந்த விவாதமே நடந்திருக்காது.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக் களங்களில் குறிப்பேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றொரு பழக்கம் இருக்கிறது. நல்ல ஆங்கிலம் கைவந்தவர் எழுதட்டும். மற்றவர் தமிழில் எழுதுவதே மேல். உழவு மண்ணையும் வண்டலையும் சுக்கான் பாறையையும் உவர் மண்ணையும் விரலால் தொட்டே பிரித்துச் சொல்லும் ஊர்க்காரர்கள் குழிக்குள்ளேயே நிற்கிறார்கள். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் மன்செல் நிற அட்டையின் எண்ணைக் குறித்துவிட்டால், உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் அது புரியும். முந்தின நாள் பக்கத்தைப் பார்த்து "அதே மண், சில ஓடுகள்" என்று ஆங்கிலத்தில் நகலெடுத்து வைப்பதால் யாருக்கும் பயனில்லை.

எதில் எழுதுவது?

பென்சில். வரைபடத்துக்கு மட்டுமன்றி நாட்குறிப்புக்கும் அதுவே நல்லது. பந்துமுனைப் பேனா ஈரத் தாளில் சரியாக எழுதாது. ஜெல் பேனா மைகளில் பல வியர்வைக்கே கரையும். தாள்களைத் தைத்துக் கட்டிய, பக்க எண் அச்சிட்ட குறிப்பேடு வேண்டும். சுருள் கம்பிக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தால் தடயமே இருக்காது. தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்து, திருத்தியவர் கையொப்பமும் தேதியும் இட வேண்டும்.

மண்ணடுக்கு வரைபடங்களைக் கிராஃப் தாளில் போட்டபின் மடிக்கக் கூடாது. மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில் கிழியும். அந்த இடத்தில்தான் முக்கியமான அடுக்கும் இருக்கும் என்பது களத்தில் இருப்பவர்களின் கசப்பான நகைச்சுவை. டிரேசிங் தாள் நாளாவட்டத்தில் பழுப்பேறி நொறுங்கும். பாலியெஸ்டர் படலம் நீண்ட நாள் தாங்கும். வடக்கு அம்பு, அளவு, மட்டப்புள்ளி, குழி எண், வரைந்தவர் பெயர், தேதி ஆகிய ஆறும் இல்லாத வரைபடத்தால் பயனில்லை.

சீட்டுகளின் கதை தனி. அகழாய்வுக் களத்தில் மிக அதிகமாகக் கிடைப்பது பானை ஓடு. மிக அதிகமாகக் கைவிடப்படுவதும் அதுதான். கழுவி, காயவைத்து, எண்ணி, வேண்டியதை எடுத்து, மிச்சத்தைக் கோணியில் கட்டிக் கிடங்கில் போடுகிறார்கள். கோணிக்கு வெளியே ஒரு சீட்டு. மூன்றே மழைக்காலத்தில் கோணி இற்று, சீட்டை எலி கொறித்து, நாலு குழிகளின் ஓடுகள் ஒன்றோடொன்று கலந்து போகின்றன. அதன்பின் அவை வெறும் ஓடு. தடுப்பதற்கு வழி எளிது. பைக்கு வெளியே ஒரு சீட்டு, உள்ளே சிறு பாலிதீன் உறையில் இன்னொரு சீட்டு, தேர்ந்தெடுத்த ஒவ்வொரு ஓட்டின் உட்புறத்திலும் இந்தியன் மையால் களக் குறியீடு, குழி எண், அடுக்கு எண். வெளிச் சீட்டும் உள் சீட்டும் போனாலும் ஓடு தன் முகவரியைச் சுமந்துகொண்டிருக்கும்.

அறிக்கை ஏன் வருவதில்லை?

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தது 1945-இல். அதன் விரிவான அறிக்கை 1946-இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழின் இரண்டாம் எண்ணில் வெளிவந்துவிட்டது. ஓராண்டுதான். வீலரின் முடிவுகளில் சில பின்னாளில் நிற்கவில்லை. அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் முடிவு தவறு என்று காட்டுவதற்கே அச்சில் ஒரு முடிவு இருந்தாக வேண்டும்.

மற்ற கணக்குகளைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் 1963 முதல் 1973 வரை நடந்த அகழாய்வின் அறிக்கை 1994-இல் வந்தது. உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை அகழ்ந்தது; அறிக்கை 1988-இல். ராஜஸ்தானின் காளிபங்கனில் 1960-களில் நடந்த அகழாய்வின் முதல் பெரும் அறிக்கை 2003-இல் அச்சேறியது. அங்கே முன்னின்று அகழ்ந்தவர்களில் ஒருவரான பி.கே. தாபர் 1995-லேயே காலமாகிவிட்டார். ஆண்டுதோறும் நடந்த கள வேலைகளின் சுருக்கத்தை வெளியிடுவதற்காக இந்தியத் தொல்லியல் துறை 1953-54 முதல் நடத்திவரும் ஆண்டு மலரே பல ஆண்டு பின்தங்கித்தான் வந்துகொண்டிருந்தது. 2013-இல் வந்த தலைமைக் கணக்காயரின் தணிக்கை அறிக்கையும் இந்த நிலுவையைச் சுட்டிக்காட்டியது.

ஆதிச்சநல்லூரின் கதையில் எல்லா வகையும் இருக்கின்றன. 1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் தோண்டினார். எடுத்தவை பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போயின. நூற்றாண்டின் திருப்பத்தில் அலெக்சாண்டர் ரீ பல பருவங்கள் அகழ்ந்தார். தாழிகள், வெண்கல உருவங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள் கிடைத்தன. 1915-இல் அவருடைய அட்டவணை சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அது நல்ல அட்டவணை. ஆனாலும் பொருள் பட்டியல் நாட்குறிப்பேட்டின் வேலையைச் செய்யாது. பிறகு 2004-05 வாக்கில் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி அகழ்ந்து நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. ஏறத்தாழ 15 ஆண்டு ஆகியும் முழு அறிக்கை வராத நிலையில், விஷயம் பொதுநல வழக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போனது. அகழாய்வு அறிக்கைக்காக ஊர்மக்கள் நீதிமன்றப் படியேறியது தமிழ்நாட்டுக்குப் பெருமை. துறைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

தாமதத்துக்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. அகழ நிதி ஒதுக்குவார்கள். அகழ்ந்தபின் ஓடு வரையவும் எலும்பு ஆராயவும் படம் அச்சிடவும் ஒதுக்குவதில்லை. குழி வெட்டினால் செய்தியாளர்கள் வருவார்கள்; ஓடு எண்ணினால் யார் வருவார்? நடுவில் இடமாற்றம் வரும். பொறுப்பு அதிகாரி ஒரு மாநிலத்துக்கும் பொருள்கள் இன்னொரு கிடங்குக்கும் போகும்; குறிப்பேடு அதிகாரியோடு போகும். புதிதாக வருபவர் தம் பெயரில் புதிய குழி போடவே விரும்புவார். அகழாய்வுச் செலவுத் திட்டம் எழுதும்போதே, களத்தில் ஒரு மாதத்துக்கு அறையில் இரண்டு மாதம் என்ற கணக்கிலாவது பணமும் ஆளும் கேட்க வேண்டும். கொடுக்க மறுத்தால் குழிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே நேர்மை.

கீழடி இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. மத்தியத் தொல்லியல் துறை 2014-இல் தொடங்கிய முதல் இரண்டு கட்டங்களின் அறிக்கையை, அகழாய்வை நடத்திய கே. அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்கங்களில் 2023 ஜனவரியில் சமர்ப்பித்தார். 2025 மே மாதம் காலக்கணிப்பில் திருத்தம் கேட்டுத் துறை அதைத் திருப்பி அனுப்பியது, அவர் மறுத்தார். அரசியல் வாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். எந்தக் கரித்துண்டு எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது என்பதற்கு விடை மேடையில் இல்லை, குழிப் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் பொதுவில் வைத்தால் பாதிச் சண்டை தானே அடங்கும்.

அறிக்கை வந்த பிறகும்

அறிக்கை அச்சாகிவிட்டது, இனி மூலக் குறிப்புகள் எதற்கு என்று கேட்கும் அலுவலர்கள் உண்டு. அலமாரி காலியாக வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. அவர்களுக்குச் சொல்ல மொகஞ்சதாரோ இருக்கிறது.

அங்கே தெருக்களிலும் அறைகளிலும் சிதறிக் கிடந்த எலும்புக்கூடுகளை வைத்து, கடைசிநாளில் பெரும் படுகொலை நடந்தது, செய்தவர்கள் ஆரியர்கள் என்று வீலர் 1940-களில் எழுதினார். கதை பற்றிக்கொண்டது. பாடநூல் வரை போனது. 1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் ஒரு காரியம் செய்தார்: அங்கே முன்பு அகழ்ந்த மார்ஷலும் மெக்கேயும் பதிந்து வைத்திருந்த விவரங்களுக்குத் திரும்பிப் போய், ஒவ்வோர் எலும்புக்கூடும் எங்கே, எந்த மட்டத்தில் கிடந்தது என்று பார்த்தார். அவை ஒரே காலத்தவை அல்ல. கோட்டைப் பகுதியில் ஒன்றுகூட இல்லை. படுகொலை என்பது கட்டுக்கதை என்று அவர் முடிவு சொன்னார். அதற்காக அவர் ஒரு புதிய குழிகூட வெட்ட வேண்டியிருக்கவில்லை.

அதே ஊரில் இன்னொரு வேலையும் நடந்தது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் யான்சன் குழு 1979 முதல், 1920-களின் புகைப்படத் தொகுப்புகளையும் களப் பதிவேடுகளையும் தேடியெடுத்து, அகழ்ந்து விட்டுப்போன கட்டடங்களோடு வீடு வீடாக ஒப்பிட்டது. எச்.ஆர். பகுதியின் களப் பதிவேடு 1985-இல் தனித் தொகுதியாகவே அச்சானது. (அகழ்ந்த அதிகாரி ஹார்கிரீவ்ஸின் பெயர் சுருங்கித்தான் எச்.ஆர். ஆனது, மொகஞ்சதாரோவின் பகுதிகளை இன்றும் பழைய அதிகாரிகளின் பெயரெழுத்துகளால்தான் அழைக்கிறார்கள்.) எந்த வீட்டில் எந்த முத்திரை, எந்த எடைக்கல் என்று இன்று ஓரளவு சொல்ல முடிகிறதென்றால் அந்தப் பதிவேடுகள் பிழைத்துக் கிடந்ததால்தான்.

அரிக்கமேட்டுக்கும் அதுவே நடந்தது. ரோமானிய வணிகத்தால் கி.பி. முதல் நூற்றாண்டுத் தொடக்கத்தில் உருவான நிலையம் என்று வீலர் கண்டதை, விமலா பெக்லி 1983-இல் பழைய அகழாய்வுச் சான்றுகளை வைத்தே மறுபரிசீலனை செய்தார். ரோமானியர் வருமுன்பே அங்கே உள்ளூர்க் குடியிருப்பு இருந்தது என்றார். பிறகுதான் 1989 முதல் 1992 வரை புதிதாக அகழ்ந்தார். 1996-லும் 2004-லும் இரண்டு தொகுதிகள் வந்தன. பழைய பதிவை முழுக்கப் படித்து முடித்த பின்பே புதுக் குழி என்ற அவருடைய வரிசையை எல்லாக் களங்களும் பின்பற்றலாம்.

கிடங்கும் கணினியும்

காகிதத்தின் எதிரிகள் தெரிந்தவை: ஈரம், கறையான், ராமபாணப் பூச்சி, ரப்பர் வளையம், துருவேறும் ஊசி, செல்லோடேப். இரும்பு அலமாரி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, மழைநீர் இறங்கும் சுவரைத் தவிர்த்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பழைய படச்சுருள் பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால், அசிடேட் படலம் அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை உடனே தனியாக எடுத்து வைத்து, முதல் வேலையாக நகலெடுக்க வேண்டும். அழிவு பக்கத்துச் சுருளுக்கும் தொற்றும்.

கணினியில் ஏற்றிவிட்டால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் லண்டனின் நியூஹாம் கதையைக் கேட்க வேண்டும். அங்கே உள்ளாட்சி அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவு 1990-களின் இறுதியில் மூடப்பட்டது. அதன் அகழாய்வுத் தரவுகள் 200-க்கும் மேற்பட்ட நெகிழ்வட்டுகளில் இருந்தன. யார்க் நகரில் 1996-இல் தொடங்கிய தொல்லியல் தரவு மையம் அவற்றை மீட்க முயன்றது. பெரும்பகுதி கிடைத்தது, சில கோப்புகளைத் திறக்கவே முடியவில்லை, சிலவற்றைத் திறந்தும் அவை எந்தக் களத்தைச் சேர்ந்தவை என்று தெரியவில்லை. அவை உருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காலின் மெக்கன்சியின் தாளுக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது.

நம் ஊரில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு: எழுத்துரு. 1990-களிலும் 2000-களிலும் தமிழில் தட்டச்சான அறிக்கைகள் பாமினி, வானவில், டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் கிடக்கின்றன. இன்று திறந்தால் கட்டமும் குறியுமாகத் தெரியும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய கோப்புகள் கையில் இருப்போர், எழுத்துரு மாற்றிகள் கிடைக்கும்போதே மாற்றி, மூலக் கோப்பையும் அதன் எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

படங்களை டிஃப் வடிவிலும், உரைகளைப் பி.டி.எஃப்-ஏ வடிவிலும், பட்டியல்களை எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. வடிவிலும் வைப்பது பாதுகாப்பு. மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வேறு ஊரில். கேமரா தந்த எண்ணையே கோப்புப் பெயராக விட்டுவிடாமல் களம், ஆண்டு, குழி, அடுக்கு என்று பெயரிட வேண்டும். களப் படங்களை வாட்ஸாப் குழுவில் மட்டும் பகிர்ந்து, பிறகு செல்பேசியில் அழித்துவிடும் பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. அப்படி அனுப்பும்போது படம் சுருங்கும்; எடுத்த நேரம், இடம் போன்ற விவரமும் உதிர்ந்துபோகும். படத்துக்கு ஆதார மதிப்பு வேண்டுமென்றால், மூலக் கோப்பை அன்றைக்கு மாலையே வட்டில் இறக்க வேண்டும்.

யாரிடம் ஒப்படைப்பது?

தூத்தங்காமுன் கல்லறையை 1922 நவம்பரில் கண்டுபிடித்த ஹோவர்டு கார்ட்டர், பத்தாண்டு உழைத்து 5,000-க்கும் மேற்பட்ட பொருள்களை அட்டை அட்டையாகப் பதிந்தார். ஹாரி பர்ட்டன் படமெடுத்தார். பொதுவாசகர்களுக்கு மூன்று தொகுதி நூல் வந்தது. முழுமையான ஆய்வறிக்கையை எழுதி முடிக்காமலே 1939-இல் கார்ட்டர் இறந்துபோனார். அட்டைகள் பிழைத்தது அவருடைய சகோதரியின் மகள் ஃபில்லிஸ் வாக்கர் அவற்றை ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனத்துக்குக் கொடுத்ததால். இன்று அந்த அட்டைகள் இணையத்தில் எவரும் படிக்கும்படி கிடைக்கின்றன. உலகின் புகழ்பெற்ற அகழாய்வின் ஆவணம் ஒரு பெண்மணியின் நல்ல மனத்தை நம்பி நின்றது. வேறு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.

ஆப்கானிஸ்தானின் பெக்ராமில் தந்தச் சிற்பங்களை அகழ்ந்த ஜோசப் ஆக்கனும் ரியா ஆக்கனும் 1941-இல் போர்க்காலக் கப்பல் தாக்குதலில் கடலில் மாண்டார்கள். அவர்களது கடைசிப் பருவங்களின் பதிவுகளை மற்றவர்கள் தொகுத்து 1954-இல் வெளியிட்டார்கள். 1990-களில் காபூல் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டு அந்தத் தந்தங்கள் கள்ளச்சந்தைக்குப் போயின. வெளிநாட்டில் 20 துண்டுகள் தென்பட்டபோது அவை பெக்ராமைச் சேர்ந்தவை என்று காட்ட உதவியவை அந்தப் பழைய பதிவுகள். 2012-இல் அவை காபூலுக்குத் திரும்பின.

இந்தியாவில் சட்டம் ஓரளவு துணைநிற்கிறது. 1993-ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டப்படி மத்திய அரசின் பதிவேடுகளை விதிக்கு மாறாக அழிப்பது 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். தொல்லியல் துறை அதிகாரி களத்தில் எழுதிய குறிப்பேடு அரசுப் பணியில் உருவானது; ஓய்வு பெறும் நாளில் அது அவருடைய பெட்டியில் ஏறக் கூடாது. துறைத் தலைமை செய்ய வேண்டியது: ஒவ்வொரு பருவமும் முடிந்த 30 நாளுக்குள் எல்லா மூலப் பதிவுகளின் நகலும் மைய ஆவணக் கூடத்துக்கு வர வேண்டும், வராத வரை அடுத்த பருவத்துக்கு அனுமதி இல்லை என்று ஒரே ஒரு ஆணை. பல்கலைக்கழகத் துறைகளுக்கும் இது பொருந்தும். ஆய்வு மாணவரின் குழிக் குறிப்பேடு வழிகாட்டியின் மேசை இழுப்பறைக்குப் போகாமல் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகட்டும்.

ஆனால் ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்விட்டவை நிறைய. அகழாய்வாளர், ஓவியர், புகைப்படக்காரர், நில அளவையாளர் என்று யாருடைய வீட்டுப் பரணிலாவது ஒரு தகரப் பெட்டி இருக்கும். அவர் காலமானபின் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது அது கீழே இறங்கும். இந்நூலைப் படிப்பவர்களில் சிலராவது அந்தப் பிள்ளைகளாக இருக்கக்கூடும். பெட்டிக்குள் இருப்பவற்றின் வரிசையைக் கலைக்காதீர்கள். எதற்குள் எது செருகியிருந்தது என்பதும் தகவல்தான். ஒவ்வொரு கட்டையும் இருந்தபடியே செல்பேசியில் படமெடுங்கள். படங்களின் பின்புறம் எழுதியிருப்பதையும் எடுங்கள். ஒரு தாளில் பட்டியல் போட்டு, அகழ்ந்த துறைக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறைக்கும் ஒப்புகை கிடைக்கும்படி அஞ்சலில் அனுப்புங்கள். ஒப்படைக்கும்போது ரசீது வாங்காமல் வராதீர்கள்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொருள் சட்டம், அறிவியல் அல்லது வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படியும் ஆவணமும் 75 ஆண்டைக் கடந்தால் அதையே தொல்பொருள் என்கிறது. 1945-இல் அரிக்கமேட்டில் எழுதிய ஒரு குறிப்பேடு எங்கேனும் கிடந்தால், அது 2020-லேயே அந்தத் தகுதியை அடைந்துவிட்டது. பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.